மால்டாவுக்கு குடும்பத்தோட ஒரு வாரம்: எத முன்னாடியே புக் பண்ணணும், எத காத்து பாத்து முடிவு பண்ணணும்

நீங்க கேட்டது இதான்: கோயம்புத்தூர்ல இருந்து அக்டோபர் நடுவுல மால்டா, நீங்க, உங்க மனைவி, ஒன்பது வயசு பொண்ணு, கூட அப்பா அம்மா. அப்பாவுக்கு முட்டி வலி, அம்மா சுத்த சைவம். எங்க தங்குறது, கார் எடுக்கலாமா, எத முன்னாடியே புக் பண்ணணும், இவ்ளோ சின்ன தீவுக்கு ஒரு வாரம் அதிகமா? நான் இங்க வேலைக்கு வந்து வருஷக்கணக்காச்சு, ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ்னு நெறைய பேர கூட்டிட்டு சுத்தியிருக்கேன், அத வெச்சு சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

மொதல்ல கடைசி கேள்வி. ஒரு வாரம் அதிகமே இல்ல. மால்டா, கோட்ஸோ, கொமீனோ மூணு தீவும் சேத்தே 316 சதுர கிலோமீட்டர் தான், பெரிய தீவோட நீளமே 27 கிலோமீட்டர் சுமார். அத பாத்துட்டு எல்லாரும் பண்றது என்னன்னா, காலைல தலைநகர் வலெட்டா, மதியம் பழைய தலைநகர் எம்தீனா, சாயங்காலம் ப்ளூ க்ரோட்டோ கடல் குகைன்னு ஒரே நாள்ல அடைக்கிறது. அஞ்சு லட்சம் பேருக்கு மேல இருக்குற ஊரு, வீட்டுக்கு வீடு கார், ரோடு எல்லாம் ஒடுக்கம், பதினஞ்சு கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆகுறது இங்க சாதாரணம். அதனால ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அவ்ளோதான். அப்பா அம்மாவ கூட்டிட்டு வரும்போது இது இன்னும் முக்கியம்.

ரெண்டாவது, இதான் நான் எல்லார்கிட்டயும் அடிச்சு சொல்றது, இங்க பிளான் போடறது தேதிய பாத்து இல்ல, காத்த பாத்து. நாலு பக்கமும் தொறந்த கடல், மலைன்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது, எந்த பக்கம் காத்து அடிக்குதோ அந்த பக்கம் கடல் கொந்தளிக்கும், அதே நேரத்துல எதிர் பக்கம் குளம் மாதிரி அமைதியா கெடக்கும். கி.பி. 60 வாக்குல புனித பவுல் போன கப்பல் இங்க வந்து ஒடஞ்சதா பைபிள்ல இருக்கே, அது வடகிழக்கு காத்துன்னு தான் சொல்றாங்க. அவ்ளோ பின்னாடி போவானேன், 1989 டிசம்பர்ல அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் மார்சஷ்லொக் துறைமுகத்துல கப்பல்ல வெச்சு பேசினாங்க, அப்ப அடிச்ச புயல்ல சில கூட்டத்தையே ரத்து பண்ண வேண்டியதாயிடுச்சு. அவங்களுக்கே அந்த கதின்னா நாம எந்த மூலைக்கு.

காத்து கணக்கு ரொம்ப சுலபம். இங்க அதிகமா வீசறது வடமேற்கு காத்து, மஜ்ஜிஸ்திரால்னு சொல்வாங்க. அது வீசினா கோல்டன் பே, ஐன் துஃபீஹா பீச் பக்கம் போகாதீங்க, தெக்க ப்ளூ க்ரோட்டோ, மார்சஷ்லொக் பக்கம் போங்க. தெக்குலயோ தென்கிழக்குலயோ இருந்து வீசினா ப்ளூ க்ரோட்டோ படகு ஓடாது, அன்னைக்கு வடக்க மெலீஹா பே நல்லா இருக்கும். வடகிழக்குன்னா மெலீஹா வேணாம், துறைமுகத்துக்குள்ள ஓடற ஃபெர்ரியே நின்னு போகலாம், அது மியூசியம், சர்ச் பாக்குற நாள். தினமும் ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி வெதர் ஆப்ல காத்து திசைய ஒரு தடவ பாத்துட்டு மறுநாள் எங்கன்னு முடிவு பண்ணுங்க. தேதி போட்டு புக் பண்ண வேண்டியது ரெண்டே ரெண்டு விஷயம், மத்ததெல்லாம் தொறந்தே விட்டுடுங்க.

அந்த ரெண்டுல மொதல்ல ஹைபோஜியம். பாவ்லான்னு ஒரு ஊர்ல, சாதாரண வீடுங்க இருக்குற தெருவுக்கு கீழ, பாறைய கொடஞ்சு மூணு அடுக்கா கட்டின நிலத்தடி கல்லறை. கி.மு. 4000ல இருந்து கி.மு. 2500 வரைக்கும் பயன்படுத்தினது, ஏழாயிரம் பேரோட எலும்பு வரைக்கும் இருந்திருக்கும்னு கணக்கு. 1902ல வீடு கட்ட தோண்டும்போது தான் வெளிய தெரிஞ்சுது. மனுஷங்க மூச்சுல வர்ற ஈரமும் கரியமில வாயுவும் உள்ள இருக்குற சிவப்பு காவி ஓவியத்த கெடுத்துடும்னு ஒரு சுத்துக்கு பத்து பேரு, ஒரு நாளைக்கு 80 பேரு தான் விடுவாங்க. அதனால டிக்கெட் மாசக்கணக்குக்கு முன்னாடியே தீந்து போயிடும், ஃப்ளைட் டிக்கெட் போட்ட அன்னைக்கே ஹெரிடேஜ் மால்டா சைட்ல போய் போட்டுடுங்க. ஆறு வயசுக்கு கீழ அனுமதி இல்ல, உங்க பொண்ணுக்கு பிரச்சன இல்ல. போட்டோ எடுக்க கூடாது, பைய லாக்கர்ல வெச்சிட்டு தான் போகணும். உள்ள படி இறங்கி ஏறணும், தரை ஈரமா, பாதை ஒடுக்கமா இருக்கும், அதனால அப்பாவுக்கு எடுக்காதீங்க. அங்க கிடைச்ச தூங்குற பொம்பள சிலை, உள்ளங்கை அளவு தான், வலெட்டா தொல்லியல் மியூசியத்துல இருக்கு, அத அப்பாவுக்கு அங்க காட்டலாம். டிக்கெட் கிடைக்கலன்னா மனச விட்டுடாதீங்க, கொஞ்சம் டிக்கெட்ட கடைசி நேரத்துக்குன்னு ஒதுக்கி மொத நாள் வலெட்டால செயின்ட் எல்மோ கோட்டை கவுண்டர்ல தருவாங்க, சீக்கிரம் போய் நிக்கணும், விலையும் அதிகம். அதுவும் அமையலன்னா தார்ஷின்னு கற்காலத்து கோயில் அங்கிருந்து நடக்குற தூரம் தான்.

ரெண்டாவது செயின்ட் ஜான்ஸ் கோ-கதீட்ரல், வலெட்டா நடுவுல. ஞாயித்துக்கிழமை டூரிஸ்ட்டுக்கு கிடையாது, இது தெரியாம நெறைய பேர் ஞாயிறு வந்து வாசல்லயே நின்னுட்டு போவாங்க. வெளிய பாத்தா மொட்ட சுவர், ஏதோ கோடவுன் மாதிரி இருக்கும், உள்ள கால் வெச்சா கண்ண எங்க வெக்கிறதுன்னு தெரியாது. தரை பூரா கிட்டத்தட்ட 400 சமாதி கல்லு, ஒவ்வொண்ணும் ஒரு நைட்டுக்கு (அப்ப இந்த தீவ ஆண்ட கிறிஸ்தவ போர்வீரர் அமைப்ப சேந்தவங்க), கலர் கலரா பளிங்கு வெட்டி பதிச்சு எலும்புக்கூடு, கிரீடம், மணற்கடிகாரம்னு. ஊசி ஹீல்ஸ் போட்டா உள்ள விட மாட்டாங்க, கல்லு கீறிடும்னு. தோளு மூடணும், அம்மா சேலைல வந்தா ஒரு பிரச்சனையும் இல்ல.

அதுக்குள்ள இருக்குற ஓரட்டரில, அதாவது ஜெப மண்டபத்துல, இத்தாலி ஓவியர் கரவாஜ்ஜியோ 1608ல வரைஞ்ச, புனித யோவானோட தலைய வெட்டுற ஓவியம் இருக்கு. அஞ்சு மீட்டருக்கு மேல அகலம், அவரு வரைஞ்சதுலயே பெருசு. கிட்ட போய் யோவான் கழுத்துல இருந்து வழியுற ரத்தத்த பாருங்க, அந்த ரத்தத்துலயே தன் பேர எழுதியிருப்பாரு, அவரு கையெழுத்து போட்ட ஒரே படம் அது. ரோம்ல 1606ல ஒரு ஆள கொன்னுட்டு ஓடி வந்தவரு, இங்க வந்து நைட் பட்டம் வாங்கி, சில மாசத்துலயே மறுபடி சண்டைல மாட்டி ஜெயில்ல இருந்து தப்பிச்சு ஓடி, கடைசில அந்த பட்டத்த பறிச்ச கூட்டம் அதே ரூம்ல, அதே படத்துக்கு முன்னாடி தான் நடந்துச்சு. உங்க பொண்ணுக்கு இந்த கதைய முன்னாடியே சொல்லி கூட்டிட்டு வாங்க, அவ அந்த பேர தேடி கண்டுபிடிக்கும்போது மூஞ்சிய பாக்கணும். காலைல தொறக்குற நேரத்துக்கே போயிடுங்க, க்ரூஸ் கப்பல் வந்த நாள்ல பத்தரைக்கு மேல நிக்க எடம் இருக்காது.

தங்குறதுக்கு என் ஓட்டு ஸ்லீமா, வலெட்டாவுக்கு எதிர்கரைல இருக்குற கடலோர ஊர். வலெட்டாக்குள்ள தங்குறது அழகு தான், ஆனா அந்த ஊரே மேட்டு மேல இருக்கு, குறுக்கு தெரு பாதி படிக்கட்டு, பழைய வீடுகள்ல லிஃப்ட் இருக்காது, சுத்து படில பெட்டி தூக்கணும். ஸ்லீமால கடலோரம் மொத்தமும் சமதளமா நடைபாதை, அப்பா காலைல எழுந்து வாக்கிங் போகலாம், வழி நெடுக பெஞ்சு இருக்கு. பாச்சவில் பக்கம் மட்டும் எடுத்துடாதீங்க, விடிய விடிய பாட்டும் கூச்சலும், விலை கம்மியா இருக்கேன்னு பாத்து குடும்பத்தோட வந்து மாட்டினவங்க உண்டு. புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கண்டிப்பா கேளுங்க: லிஃப்ட் இருக்கா, பக்கத்துல கட்டட வேலை நடக்குதா. தீவு பூரா க்ரேன் தான், காலைல ஏழு மணிக்கே துளை போட ஆரம்பிச்சிடுவாங்க. சமையல் ரூம் இருக்குற அபார்ட்மெண்டா எடுத்தா அம்மாவுக்கு நிம்மதி.

ஸ்லீமால இருந்து வலெட்டாவுக்கு ஃபெர்ரி இருக்கு, பத்து நிமிஷம் கூட ஆகாது, கோட்டை சுவர தண்ணில இருந்து பாக்குறது தனி அழகு. ஆனா எறங்குற எடத்துல இருந்து மேல மெயின் தெருவுக்கு ஏத்தம் செங்குத்தா இருக்கும், முட்டி வலிக்கு ஆகாது. அதனால போகும்போது பஸ்லயோ டாக்ஸிலயோ சிட்டி கேட் வாசல்ல போய் எறங்குங்க, அங்க இருந்து ரிபப்ளிக் ஸ்ட்ரீட் மேட்டு முதுகுலயே நேரா போகுது, பெரிய ஏத்த எறக்கம் இல்லாம கதீட்ரல் வரைக்கும் நடந்துடலாம். திரும்பி வரும்போது இறக்கம் தானே, ஃபெர்ரி பிடிங்க. சுண்ணாம்பு கல்லு பல நூறு வருஷம் நடந்து நடந்து வழவழன்னு ஆயிருக்கு, மழை ஒரு தூறல் போட்டா வழுக்கும், எல்லாருக்கும் நல்ல ரப்பர் அடி ஷூ, அப்பாவுக்கு கைத்தடி இருந்தா எடுத்துக்கோங்க. அக்டோபர்ல வெயில் தான் அதிகம், ஆனா திடீர்னு ஒரு மணி நேரம் கொட்டி தீத்துடும், அப்ப இம்சீடா, பிர்கிர்காரா மாதிரி பள்ளமான ஊர்ல ரோட்டுல ஆறா ஓடும், அந்த நேரம் எங்கயாவது உக்காந்து டீ குடிச்சிட்டு கெளம்புங்க.

கார் வேணாம். பிரிட்டிஷ்காரன் 1800ல வந்து 1964 வரைக்கும் ஆண்டதால நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம் தான் ஓட்டுறாங்க, அத நம்பி எடுக்க தோணும், ஓட்டுறது கூட கஷ்டம் இல்ல, நிறுத்த எடம் தேடியே பாதி நாள் போயிடும். வெள்ள கோடு போட்ட எடம் எல்லாருக்கும் பொது, வேற கலர்னா போர்ட படிக்காம நிறுத்தாதீங்க. வலெட்டாக்குள்ள வண்டி போனா கேமரா பாத்து கட்டணம் போடும். பஸ்ஸும் ஆப் டாக்ஸியும் கலந்து போங்க. அஞ்சு பேர் இருக்கீங்க, போல்ட், ஊபர், ஈகேப்ஸ் மூணுமே இருக்கு, பெரிய வண்டியா புக் பண்ணுங்க. பஸ் டிக்கெட் கோடைல ரெண்டரை யூரோ, ரெண்டு மணி நேரத்துக்கு செல்லும், அதுக்குள்ள வேற பஸ் மாறினாலும் திரும்ப வாங்க வேணாம். ஒரு வாரத்துக்கு தல்லின்ஜா எக்ஸ்ப்ளோர் கார்டுன்னு பஸ் பாஸ் எடுத்துட்டா கணக்கே பாக்க வேணாம். பஸ் வரும்போது கைய நீட்டணும், சும்மா நின்னா நிக்காம போயிடுவான், நெரம்பிட்டாலும் நிக்க மாட்டான். அதனால கூட்டம் ஏறுற எடத்துல, முடிஞ்சா வலெட்டா ஸ்டாண்டுலயே போய் ஏறிக்கோங்க, ட்ரைட்டன் நீரூத்து பக்கத்துல தான் முக்கால்வாசி பஸ் கெளம்புது. போர்டுல ஊர் பேர்ல எக்ஸ் எழுத்து வந்தா ‘ஷ’ன்னு படிங்க, டிரைவர்கிட்ட கேக்கும்போது உதவும்.

வலெட்டாவ ஒரே நாள்ல முடிக்காதீங்க, ரெண்டு அரை நாளா பிரிச்சுக்கோங்க. ஒரு நாள் காலைல கதீட்ரல், மியூசியம், அப்பறம் பன்னெண்டு மணிக்கு அப்பர் பராக்கா தோட்டம். கீழ இருக்குற பீரங்கி மேடைல மதியம் பன்னெண்டுக்கும் சாயங்காலம் நாலுக்கும் குண்டு போடுவாங்க, கீழ போக தான் டிக்கெட், மேல தோட்டத்துல நின்னு பாக்க காசு இல்ல, பதினஞ்சு நிமிஷம் முன்னாடி போய் கம்பி ஓரம் பிடிச்சிடுங்க. அங்கிருந்து தெரியுற காட்சி தான் மால்டாவோட மொத்த சரித்திரமும். எதிர்ல நீட்டிட்டு இருக்குறது பிர்கு, 1530ல வந்த நைட்டுங்க மொதல்ல குடியேறினது அங்க தான், தீவுக்கு வாடகையா வருஷத்துக்கு ஒரு வல்லூறு கொடுத்தா போதும்னு ஸ்பெயின் அரசன் அஞ்சாம் சார்லஸ் எழுதி கொடுத்தாரு. 1565 மே மாசம் துருக்கி உஸ்மானிய படை வந்து சூழ்ந்துது, துறைமுக வாயில்ல இருந்த செயின்ட் எல்மோ கோட்டை மட்டுமே ஒரு மாசம் தாக்கு பிடிச்சு ஜூன் 23ல விழுந்துது, ஆனா பிர்கு விழல, செப்டம்பர்ல படை திரும்பி போச்சு. அதுக்கப்பறம் 1566ல நைட்டுங்களோட தலைவர் லா வலெட் அடிக்கல் வெச்சு கட்டின ஊரு தான் நீங்க நிக்கிற வலெட்டா. இத தெரிஞ்சுட்டு நின்னா அந்த சுவரு ஒவ்வொண்ணும் ஏன் அந்த பக்கம் பாத்து இருக்குன்னு புரியும்.

தோட்டத்துல இருந்தே லிஃப்ட் இருக்கு, 58 மீட்டர் கீழ இறக்கி விடும், ஒரு யூரோ அளவு தான், படி ஏற முடியாதவங்களுக்கு வரப்பிரசாதம். கீழ ரோட்ட தாண்டினா பிர்கு பக்கம் போற ஃபெர்ரி. அதுக்கு பக்கத்துலயே தைசான்னு மரப்படகு நிக்கும், சில யூரோ கொடுத்தா அக்கரை கொண்டு விடுவாங்க. காத்து இல்லாத நாள்ல நான் எல்லாரையும் அந்த படகுல தான் ஏத்துவேன், ரெண்டு பக்கமும் கோட்டை, நடுவுல நீங்க தண்ணி மட்டத்துல, பொண்ணு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டா. பிர்குவ ரெண்டாவது அரை நாளுக்கு வெச்சுக்கோங்க, வலெட்டா மாதிரி கூட்டம் இல்ல, சந்து சந்தா பூத்தொட்டி வெச்ச வீடு, செயின்ட் ஏஞ்சலோ கோட்டை, மத விசாரணை அதிகாரி இருந்த மாளிகை. அக்டோபர் பின்பாதில ஒரு சனிக்கிழமை மிடில் சீ ரேஸ்னு பாய்மரப் படகு போட்டி இந்த துறைமுகத்துல இருந்து கெளம்பும், 606 கடல் மைல், சிசிலிய சுத்திட்டு வருவாங்க. உங்க தேதில விழுந்தா கண்டிப்பா போய் நில்லுங்க.

எம்தீனாவுக்கு எல்லாரும் காலைல போறாங்க, நீங்க சாயங்காலம் நாலரைக்கு மேல போங்க. பழைய தலைநகரம், உள்ள இப்ப சில நூறு பேர் தான் வாழறாங்க, வெளியாள் வண்டிக்கு அனுமதி இல்ல. டூர் பஸ்ஸெல்லாம் திரும்பினதுக்கு அப்பறம் விளக்கு போட்ட சந்துல நம்ம காலடி சத்தம் மட்டும் கேக்கும். தரை கிட்டத்தட்ட சமம், அப்பாவால முடியும். அதுக்கு முன்னாடி மதியம் பக்கத்துல ரபாத்ல செயின்ட் பால் கேட்டகோம்ப்ஸ்னு நிலத்தடி கல்லறை பாக்கலாம், அதுவும் படி தான், அப்பாவும் அம்மாவும் வெளிய டீக்கடைல உக்காரட்டும். வழில மோஸ்தா சர்ச்சுல நிறுத்தினா, 1942 ஏப்ரல் 9ல கூம்பு மாடத்த ஒடச்சுட்டு உள்ள விழுந்து வெடிக்காம போன ஜெர்மன் குண்டு கதைய கேக்கலாம், அப்ப உள்ள பூசைக்கு நூத்துக்கணக்குல ஜனங்க இருந்தாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்த வருஷம் தான் மொத்த தீவுக்கும் பிரிட்டிஷ் ராஜா ஜார்ஜ் கிராஸ்னு வீரப் பதக்கம் கொடுத்தாரு, இப்பவும் அது நாட்டு கொடில இருக்கு.

கற்காலத்து கோயில்கள்ல ஹாஜர் ஈம், இம்னைத்ரா ரெண்டும் தெற்கு கடல் பாத்த மேட்டுல பக்கத்து பக்கத்துல. 2009ல இருந்து மேல பெரிய கூடாரம் போட்டிருக்காங்க, கல்லு மழைலயும் வெயில்லயும் கரைய கூடாதுன்னு, அதனால ஹாஜர் ஈம்ல நிழல் உண்டு, நடைபாதையும் நல்லா இருக்கு. இம்னைத்ரா வரைக்கும் அரை கிலோமீட்டர் இறக்கம், திரும்பும்போது ஏத்தம், நிழலே கிடையாது, அப்பாவ மேலயே விட்டுடுங்க. ப்ளூ க்ரோட்டோ படகு அங்கிருந்து கிட்ட தான், 74ம் நம்பர் பஸ் ரெண்டுக்கும் போகும். காலை வெயில் குகைக்குள்ள விழும்போது தான் அந்த நீலம் வரும், அதனால மொதல்ல படகு, அப்பறம் கோயில். படகு ஓடுதான்னு கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி கேட்டுக்கோங்க.

பக்கத்து தீவு கோட்ஸோவுக்கு ஒரு முழு நாள், முடிஞ்சா ஒரு ராத்திரி. மால்டாவோட வட முனைல சிர்கெவ்வால ஃபெர்ரி, 25 நிமிஷம், போகும்போது டிக்கெட் கேக்க மாட்டாங்க, திரும்பி வரும்போது தான் காசு. சிர்கெவ்வா வரைக்கும் பஸ்ல வர்றதே ஒரு மணி நேரத்துக்கு மேல, அதனால வலெட்டால இருந்து நேரா போற ஃபாஸ்ட் ஃபெர்ரி உங்களுக்கு நல்லது, முக்கால் மணி நேரம், ஆனா காத்து அடிச்சா மொதல்ல நிக்கிறது அது தான், பெரிய ஃபெர்ரி சாமானியமா நிக்காது. அங்க போனதும் ஒரு டாக்ஸிய அஞ்சு ஆறு மணி நேரத்துக்கு பேசிடுங்க. ஜிகன்தியா கோயில் கி.மு. 3600 வாக்குல கட்டினது, எகிப்து பெரிய பிரமிட விட ஆயிரம் வருஷம் பழசு, சில கல்லு ஆள் உயரத்த விட ரெண்டு மூணு மடங்கு. சித்தாதெல்லா கோட்டை மேல நின்னா தீவு முழுசும் தெரியும். ஷ்வேய்னி உப்பளம் போங்க, பாறைல சதுர சதுரமா வெட்டி கடல் தண்ணி தேக்கி உப்பு எடுக்குறாங்க, இன்னும் குடும்பமா பண்றவங்க இருக்காங்க, அம்மாவுக்கு ஒரு பாக்கெட் வாங்கி கொடுங்க. அஸூர் விண்டோன்னு ஒரு கடல் வளைவு படத்த இன்னமும் விளம்பரத்துல போடறாங்க, அது 2017 மார்ச் 8ல புயல்ல இடிஞ்சு விழுந்தாச்சு, அத தேடி போகாதீங்க, ஆனா அதே த்வேய்ரால பாறை பொந்து வழியா படகு வெளிக்கடலுக்கு போறது இன்னும் இருக்கு.

நடுவுல இருக்குற சின்ன தீவு கொமீனோல ப்ளூ லகூன்னு குளிக்கிற எடம் இருக்கே, அத பத்தி என் அபிப்பிராயம், தண்ணி அழகுல கொற சொல்ல முடியாது, ஆனா கூட்டம் தாங்காம 2025ல இருந்து முன்பதிவு முறை கொண்டு வந்துட்டாங்க, காசு இல்ல, ஆனா நேரம் போட்டு க்யூஆர் கோடு எடுத்திருக்கணும். நிழல் இல்ல, கழிப்பறை கொறவு, பாறைல எறங்கணும். அப்பா அம்மாவுக்கு ஸ்லீமால ஒரு ஓய்வு நாள் கொடுத்துட்டு நீங்க மூணு பேரும் மட்டும் போயிட்டு வாங்க, மொத படகுல போயிட்டு மதியத்துக்குள்ள திரும்பிடுங்க. கடல் தண்ணி அக்டோபர்ல இன்னும் இதமா தான் இருக்கும், 23 டிகிரி சுமார். ஊதா கொடி பறந்தா ஜெல்லிமீன் இருக்குன்னு அர்த்தம், சிவப்புன்னா எறங்கவே கூடாது. பாதி எடம் மணல் இல்ல, பாறை தான், பொண்ணுக்கு தண்ணி ஷூ ஒண்ணு வாங்கிடுங்க.

ஞாயித்துக்கிழமைய மார்சஷ்லொக்குக்கு வெச்சுக்கோங்க, அன்னைக்கு தான் சந்தை. மீன் கடை ஒரு பக்கம் தான், மறு பக்கம் தேன், ஆலிவ், காய்கறி, அத்திப்பழ ஜாம் எல்லாம் இருக்கு, அம்மாவ அந்த பக்கமா கூட்டிட்டு போங்க. மூக்குல ரெண்டு கண்ணு வரைஞ்ச லுட்ஸு படகு வரிசையா நிக்கும். பதினோரு மணிக்கு மேல நடக்க முடியாது.

சாப்பாடு. இங்க பெருமையா சொல்றது முயல் கறியும் லம்புகி மீனும், அம்மாவுக்கு ரெண்டும் ஆகாது, ஆனா பட்டினி கிடக்க வேண்டியதில்ல. பஸ்தீத்ஸி தான் தெரு பலகாரம், மெல்லிசு மெல்லிசா அடுக்கு மாவுக்குள்ள ஒண்ணு ரிக்கோட்டா சீஸ், இன்னொன்னு பட்டாணி மசிச்சது, சூடா வாங்கினா காலை டிபன் முடிஞ்சுது. ஆனா சில கடைல மாவுல பன்னி கொழுப்பு சேப்பாங்க, அம்மாவுக்கு வாங்குறதுக்கு முன்னாடி கேட்டே ஆகணும், எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும், ஒளிக்காம சொல்வாங்க. பிகில்லான்னு மொச்ச மாதிரி பீன்ஸ பூண்டு மொளகா போட்டு மசிச்சு ரொட்டிக்கு தருவாங்க, கப்புனாத்தான்னு கத்திரிக்கா தக்காளி கூட்டு, ரெண்டும் அம்மா வாய்க்கு ஒத்து வரும். சூப்புல மாமிச ஸ்டாக் இருக்கான்னு கேளுங்க. இந்தியாக்காரங்க இப்ப இங்க ஏராளம், நர்ஸு, டிரைவர், ஹோட்டல் வேலைன்னு, அதனால ஸ்லீமா, க்ஸீரா, இம்சீடா பக்கம் இந்திய மளிகை கடை இருக்கு, அரிசி, பருப்பு, தயிர் கிடைக்கும். பொண்ணுக்கு இம்ரெத் வாங்கி கொடுங்க, பேரீச்சம்பழம் வெச்சு எண்ணெய்ல பொரிச்சது, வலெட்டா பஸ் ஸ்டாண்டு பக்கம் வாசனையே இழுக்கும்.

ஊர்ல இருந்து கொண்டு வர்றதுல கவனம். ஐரோப்பாக்குள்ள பால் பொருள், கறி எதுவும் எடுத்துட்டு வர கூடாது, நெய், பால்கோவா எல்லாம் அதுல அடங்கும். கறிவேப்பிலை, மாம்பழம், வெத்தலையும் சான்றிதழ் இல்லாம ஆகாது. இட்லி பொடி, பருப்பு பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் தாராளமா கொண்டு வாங்க. பிளக் மூணு சதுர முள்ளு, பிரிட்டன்ல இருக்குற மாதிரி, நம்ம ஊர் பிளக் சேராது, அடாப்டர் ரெண்டு எடுங்க. குழாய் தண்ணில பாதிக்கு மேல கடல் தண்ணிய சுத்திகரிச்சது, ஆபத்து இல்ல ஆனா ருசி பிடிக்காது, எல்லாரும் பாட்டில் தான். பாட்டிலுக்கு 10 செண்ட் டெபாசிட் சேத்து வாங்குவாங்க, காலி பாட்டில நசுக்காம சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போட்டா சீட்டு வரும், அத கடைல காசா மாத்திக்கலாம், இந்த வேலைய பொண்ணுகிட்ட ஒப்படைச்சிடுங்க. அவசரம்னா 112.

விசா ஷெங்கன் தான், விஎஃப்எஸ் விசா மையம் வழியா. பெரியவங்களுக்கு 90 யூரோ, உங்க பொண்ணு வயசுக்கு 45, சர்வீஸ் சார்ஜ் தனி. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடி இருந்தே போடலாம், கடைசி நேரம் வரைக்கும் இழுக்காதீங்க, ரெண்டு மூணு மாசம் கையில வெச்சு போடுங்க. 30,000 யூரோ மருத்துவ காப்பீடு கட்டாயம், அப்பா அம்மாவுக்கு ஏற்கனவே இருக்குற நோய்க்கும் சேத்து இருக்கான்னு பாலிசிய படிச்சு பாத்து எடுங்க, மருந்து சீட்டு இங்கிலீஷ்ல இருக்கட்டும். நேரடி ஃப்ளைட் இல்ல, துபாய், இஸ்தான்புல் இல்ல ஐரோப்பா ஊர் எதாவது வழியா மாறணும், அப்பாவுக்கு வீல்சேர் டிக்கெட் போடும்போதே சொல்லி வெச்சிடுங்க. ஷெங்கன் ஊர் வழியா வந்தா இமிக்ரேஷன் அங்கயே நடந்துடும், மாறுறதுக்கு நடுவுல மூணு மணி நேரமாவது விடுங்க.

திரும்பி போற அன்னைக்கு ஸ்லீமால இருந்து லூக்கா ஏர்போர்ட் மேப்ல இருபது நிமிஷம்னு காட்டும். காலை ஏழரைல இருந்து ஒன்பதரைக்குள்ள ஃப்ளைட்டுக்கு கெளம்பறதா இருந்தா அத ஒரு மணி நேரமா கணக்கு வெச்சுக்கோங்க, வண்டிய மொத நாள் ராத்திரியே புக் பண்ணிடுங்க.